வக்கீல் மகளும் கடைக் கேமராவும்

எஸ்தர்,

உன் ரயில் கிளம்பிப் போனதிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கடையைத் திறக்கிறேன், கல்லாவில் உட்காருகிறேன், எழுந்து வாசலுக்குப் போகிறேன், பருப்பு மூட்டைகளை இந்தப் பக்கம் மாற்றி அடுக்கச் சொல்கிறேன், அடுக்கி முடித்ததும் பழைய இடமே நன்றாக இருந்தது என்கிறேன். நம் கடையில் வேலை பார்க்கும் செல்வம் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, நீங்க வூட்டுக்குப் போய் செத்த படுங்க, நான் பாத்துக்கறேன்" என்றான். வீட்டுக்குப் போனால் உன் அம்மா உன் அறையைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். காலையில் துடைத்த அறை அது. திரும்பவும் கடைக்கே வந்துவிட்டேன்.

நம் வியாபாரிகள் சங்கத்தில் ஆண்டு மலர் போடுகிறார்களாம். கடை வளர்ந்த கதையை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்தால் பேனா உன் பேரைத்தான் எழுதுகிறது. அதனால் இதையே மலருக்குக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். சங்கத்தில் எல்லோருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், எல்லோர் கடை வாசலிலும் கேமரா இருக்கிறது. அவர்களும் படிக்கட்டும். கடை எந்தத் தெருவில், எதிரே இருப்பது எந்த போலீஸ் ஸ்டேஷன் என்பதை மட்டும் எழுதப்போவதில்லை. திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவில் எங்கோ என்று வைத்துக்கொள்ளட்டும்.

உனக்கு பெல்லோஷிப் கிடைத்தது என்று நீ சொன்ன நாளில் நான் எப்படி நடந்துகொண்டேன் என்று நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. "பெல்லோஷிப்னா என்னம்மா, அது வேலையா, படிப்பா?" என்று கேட்டேன். நீ பொறுமையாகச் சொன்னாய். புதிதாகப் படித்து வந்த வக்கீல்களை ஒரு அமைப்பு தேர்ந்தெடுத்து, இரண்டு வருஷம் உதவித்தொகை கொடுத்து, ஒரு சீனியரிடம் சேர்த்துவிடும். போலீஸ் பிடித்துக்கொண்டு போனவர்கள், ஜாமீன் எடுக்க ஆளில்லாமல் சிறையில் கிடப்பவர்கள், கூட்டம் போட்டதற்காக வழக்கு வாங்கியவர்கள், இவர்களுக்காக வழக்காட வேண்டும். அவர்களிடம் பீஸ் வாங்கக் கூடாது. முதல் வருஷம் சொந்த ஊர், அடுத்த வருஷம் வக்கீல்களே அதிகம் போகாத ஒரு தூர மாவட்டம், அது வேறு மாநிலத்திலும் இருக்கலாம். இவ்வளவையும் கேட்டுவிட்டு நான், "அப்போ இரண்டு வருஷம் கழிச்சு மாஜிஸ்ட்ரேட் பரீட்சை எழுதுவியா?" என்றேன். நீ எழுந்து போய்விட்டாய். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில், "உங்க பொண்ணு என்ன பண்ணுது?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் நான் ஆளுக்கொரு பதில் சொன்னேன். ஒருவரிடம் ஐகோர்ட் என்றேன். இன்னொருவரிடம் மேல்படிப்பு என்றேன். போதகரிடம் மட்டும், "கஷ்டப்படுறவங்களுக்கு உதவி மாதிரி" என்று இழுத்தேன். அவர் மகிழ்ச்சியோடு ஜெபம் பண்ணினார். நான் கண்ணைத் திறந்துகொண்டே ஆமென் சொன்னேன்.

அதற்கான நேர்முகத் தேர்வு உனக்கு நடந்தது நம் குடோனில் என்பது உன் அம்மாவுக்கே தெரியாது. வீட்டில் நெட் கிடைக்கவில்லை என்று அரிசி மூட்டைகளுக்கு நடுவே ஸ்டூல் போட்டு லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாய். நான் மிளகாய் வற்றல் எடுப்பதுபோல் உள்ளே வந்து நின்றேன். அவர்கள் உன்னை ஏன் இந்த வேலைக்கு வர நினைக்கிறாய் என்று கேட்டார்கள். பெரிய பெரிய சட்டப் பிரிவுகளைச் சொல்வாய் என்று எதிர்பார்த்தேன். நீ சொன்னது வேறு. எங்கள் கடைக்கு எதிரே ஸ்டேஷன், சின்ன வயதிலிருந்து அதன் வாசலைப் பார்த்து வளர்ந்தேன், பிள்ளையைத் தேடி வந்து வெயிலில் நிற்கும் அம்மாக்கள் எங்கள் கடையில் தண்ணீர் கேட்பார்கள், தண்ணீர் கொடுப்பேன், அதற்கு மேல் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியாது, அதைத் தெரிந்துகொள்ளத்தான் சட்டம் படித்தேன் என்றாய். அத்தனை வருஷமும் அதே வாசலை நானும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது ஸ்டேஷன் கேன்டீனுக்கு மாதாமாதம் சரக்கு போகும் இடம், அவ்வளவுதான். தெற்கே நாசரேத்துப் பக்கத்திலிருந்து வந்து என் மாமா கடையில் நின்று தொழில் பழகியவன் நான். ஊர் விட்டு ஊர் வந்து கடை போட்டவன் எதிரே ஸ்டேஷன் இருந்தால் கும்பிடு போட்டு நல்லபடியாக இருந்துகொள்வான். அப்படித்தான் நானும் இருந்தேன்.

முதல் சில மாதம் நீ போட்ட ஓட்டத்தைப் பார்த்து எனக்கு மூச்சு வாங்கியது. காலையில் பாரிமுனையில் சீனியர் மேடம் ஆபீஸ், அங்கிருந்து கோர்ட், கோர்ட்டிலிருந்து புழல் ஜெயில், அங்கிருந்து வியாசர்பாடியில் யாரோ ஒருவர் வீடு. ஜாமீன் கிடைத்த பிறகும் கையெழுத்துப் போட இரண்டு பேர் கிடைக்காததால் உள்ளேயே கிடக்கும் ஆளுக்காக நீ தெருத்தெருவாக அலைந்தாய். ஒருநாள் சாப்பிட உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே அழுதாய். உன் அம்மா பதறிப்போய்க் கேட்டதற்கு, "இன்னைக்கு ஒருத்தரை வெளியே கொண்டு வந்தோம்மா. அவருக்கு ரோடு கிராஸ் பண்ண பயமா இருக்குது" என்றாய். நான் மோரை உன் பக்கம் நகர்த்தி வைத்தேன். பேசியிருந்தால், இதையெல்லாம் விட்டுவிடு என்றுதான் சொல்லியிருப்பேன்.

பிறகு கோமளா வந்தாள். நம் கடைக்கு எத்தனையோ வருஷமாக வருகிறவள், மீன் விற்கிறவள், அவள் மகன் தேசிங்கு துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவன். அந்த வாரம் மணலிப் பக்கம் ஏதோ தொழிற்சாலையிலிருந்து நெடி கிளம்பி, குழந்தைகளெல்லாம் கண்ணைக் கசக்கிக்கொண்டு இருமிக்கொண்டிருந்தன. சாயங்காலம் ரோட்டில் உட்காரப்போகிறோம், எல்லோரும் வாருங்கள் என்று தேசிங்கு போனில் பேசிப் பதிந்து எல்லோருக்கும் அனுப்பியிருந்தான். மத்தியானம் அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கோமளா மீன் கூடையோடு நம் கடை வாசலில் வந்து நின்று, "அண்ணாச்சி, வக்கீல் பாப்பா வூட்ல கீதா? சோறு துன்னுகினு இருந்தான் அண்ணாச்சி. ரெண்டு பேரு வந்தாங்கோ, வா கொஞ்சம் பேசணும்னு இட்டுக்கினு பூட்டாங்கோ. ஸ்டேஷன்ல கேட்டா அப்டி யாரும் இங்க இல்ல, போம்மான்றாங்கோ" என்றாள். உனக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். நீ ஆட்டோ பிடித்து வந்தாய். கறுப்புக் கோட்டை ஆட்டோவிலேயே மாட்டிக்கொண்டு நேராக எதிரே போனாய். நான் கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உன்னை வாசலிலேயே நிறுத்தி வைத்துப் பேசினார்கள். உனக்குக் கோபம் வந்தால் இங்கிலீஷ் வந்துவிடும். அன்றும் வந்தது. பக்கத்தில் நின்ற கோமளா உன் வாயையும் அவர்கள் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் ரோட்டில் ஜனம் உட்கார்ந்தது. தள்ளுமுள்ளு நடந்தது. யாரோ எறிந்த கல்லில் போலீஸ் ஜீப்பின் கண்ணாடி உடைந்தது. மறுநாள் தேசிங்கைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தியபோதுதான், ஜீப் மேல் கல்லெறிந்ததே அவன்தான் என்றும் ராத்திரி அவனைத் தேடிப் பிடித்ததாகவும் எழுதியிருப்பது உனக்கும் உன் சீனியருக்கும் தெரிந்தது. அவனை நேராகப் புழலுக்கு அனுப்பினார்கள். குண்டர் சட்டத்தில் போடப்போகிறார்கள், அப்படிப் போட்டால் ஒரு வருஷம் வெளியே வர முடியாது என்று பேச்சு அடிபட்டது. மத்தியானமே ஸ்டேஷனுக்குள் இருந்தவன் சாயங்காலம் எப்படி ரோட்டில் கல்லெறிவான் என்று கோமளா பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டாள். அவள் அவனைப் பெற்றவள். அம்மா அப்படித்தான் சொல்லுவாள் என்றார்கள்.

அதற்கு அடுத்த நாள் நீ கடைக்கு வந்தாய். எப்போதும் போல் கல்லா பக்கம் வராமல், சாமான் வாங்குகிறவர்கள் நிற்கும் பக்கம் நின்றாய். தலையைத் தூக்கி வாசலில் இருக்கும் கேமராவைப் பார்த்தாய். அது போலீஸே எல்லாக் கடைக்காரர்களையும் கூப்பிட்டுப் பேசி மாட்டச் சொன்ன கேமரா. நம் வாசலும் தெரியும், எதிரே ஸ்டேஷன் வாசலும் தெரியும். பதிவெல்லாம் கடைக்குள் அலமாரியில் இருக்கும் ஒரு பெட்டியில் சேரும். நீ என்ன கேட்கப்போகிறாய் என்று எனக்குப் புரிந்துவிட்டது. "வீட்டுல பேசிக்கலாம்மா" என்றேன். "வீட்டுல வேண்டாம்ப்பா. வீட்டுல கேட்டா பொண்ணு கேக்குற மாதிரி ஆயிடும்" என்று ஒரு தாளை நீட்டினாய். உன் சீனியர் கையெழுத்துப் போட்டு, அந்த நாளின் பதிவை அழியாமல் வைத்திருக்கும்படி கேட்டிருந்தது. "ஸ்டேஷன் கேமரா ரிப்பேர்னு சொல்லிட்டாங்கப்பா. கோர்ட் மூலமா ஆர்டர் வாங்கலாம், ஆனா அதுக்குள்ள உங்க பெட்டியில பழசு மேல புதுசு பதிஞ்சிடும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாய். வாடிக்கையாளர் ஒருவர், "இன்னா அண்ணாச்சி, பொண்ணு நோட்டீஸ் வுட்டுட்சா?" என்று சிரித்தார். தாளை மேசை டிராயரில் போட்டுப் பூட்டினேன்.

அன்றைக்கே கடையை அடைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்து அந்தப் பதிவைப் போட்டுப் பார்த்தேன். உச்சி வெயிலில் இரண்டு பேர் தேசிங்கை நடுவில் வைத்துக் கூட்டிக்கொண்டு உள்ளே போகிறார்கள். அவன் சட்டைப் பொத்தான்கூட சரியாகப் போடவில்லை. சாப்பிட்ட கையைக் கழுவாமல் தூக்கிப் பிடித்திருக்கிறான். ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். இருட்டும்வரை அவன் வெளியே வரவே இல்லை. அந்த ஸ்டேஷனுக்கு வாசல் ஒன்றுதான். பார்த்து முடித்ததும் பெட்டியின் ஒயரைப் பிடுங்கிவிட்டேன். பதிவு அழியவும் வேண்டாம், அதை நான் யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம் என்று என் புத்திக்கு எட்டிய வழி அது. அதன் பிறகு தூக்கம் வந்ததா என்றால் வரவில்லை. மாத்தூரில் இருக்கும் என் மச்சானைப் போய்ப் பார்த்தேன், அவரும் கடைக்காரர். அவர், "அத்தான், நம்ம புழைக்க வந்தவங்க" என்று மட்டும் சொன்னார். வீட்டில் நீ என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. உன் கண்ணைப் பார்க்காமல் நான் சாப்பிட்டேன். நீ என்னைத் திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், திருப்பித் திட்டியிருப்பேன்.

மூன்று வாரம் ஆகும்போது எதிர் ஸ்டேஷன் எஸ்.ஐ. வந்தார். நல்ல மனுஷர்தான், உன் பிளஸ் டூ மார்க்குக்கு ஸ்வீட் பாக்கெட் கொடுத்தவர். டீ வாங்கிக் கொடுத்தேன். "அண்ணாச்சி, கேமரா ஓடலபோல?" என்றார். "ஆமா சார், ரிப்பேர்" என்றேன். "நல்லதாப் போச்சு. ரிப்பேராவே இருக்கட்டும்" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். பிரச்சனை முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த நாள் கடையில் நல்ல கூட்டம் இருக்கும்போது இரண்டு கான்ஸ்டபிளோடு மறுபடியும் வந்தார். முகம் வேறாக இருந்தது; நீ கொடுத்த நோட்டீஸ் பற்றி யாரோ சொல்லியிருக்க வேண்டும். "அந்தப் பெட்டியக் கழட்டிக் குடுங்க அண்ணாச்சி, நாங்க பாத்துட்டுத் தரோம்" என்றார். நான் பேசாமல் கொடுத்திருப்பேன், எஸ்தர். சத்தியமாகக் கொடுத்திருப்பேன். எழுந்து பெட்டி இருக்கும் அலமாரிக்குப் பக்கத்தில்கூடப் போய்விட்டேன். ஆனால் இத்தனை வருஷம் கடையில் நின்ற பழக்கம், வாயிலிருந்து தானாக வந்துவிட்டது: "வாங்கிக்கிட்டதுக்கு ஒரு சீட்டு எழுதிக் குடுத்துடுங்க சார்."

"என்ன சீட்டு?" என்றார். "பெட்டி வாங்கிக்கிட்டோம்னு. எங்க கடையிலேர்ந்து எது வெளிய போனாலும் எழுதாம அனுப்புறதில்ல" என்றேன். நான் வம்புக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படித்தான் கேட்டேன். அவர் கான்ஸ்டபிள்களைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தியாடா, அண்ணாச்சியும் வக்கீல் ஆயிட்டாரு. பொண்ணு கத்துக் குடுத்துதா?" என்றார். அது எனக்குச் சுருக்கென்றது. நீ எனக்கு எதையும் கற்றுக் கொடுக்கவில்லை. நீ கேட்ட ஒன்றையும் நான் கொடுக்கவுமில்லை. "அது கத்துக் குடுக்கல சார். எழுதிக் குடுங்க, எடுத்துட்டுப் போங்க" என்றேன். அவர் கேட்டுப் பார்த்தார், மிரட்டிப் பார்த்தார். சாமான் வாங்க நின்றவர்கள் யாரும் நகராமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுதிக் கொடுத்தால் பெட்டி இருந்தது என்று ஆகிவிடும் அல்லவா? அதனால் எழுத மாட்டார். கடைசியில், "சாயங்காலம் வரோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம்வரை காத்திருக்க எனக்கு தைரியம் இல்லை. செல்வத்திடம் ஷட்டரை இழுக்கச் சொன்னேன். பெட்டியைக் கழற்றி ஒரு அரிசிப் பைக்குள் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். அன்றைக்குப் பார்த்து ரோடு முழுக்க டிரெய்லர் லாரிகள் துறைமுகத்துக்குள் போக வரிசை கட்டி நின்றன. கல்மண்டபம் தாண்டுவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. பின்னால் வந்த ஒவ்வொரு மோட்டார் சைக்கிளும் என்னைத்தான் துரத்துகிறது என்று தோன்றியது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, "இன்னா நைனா, மடியில குண்டா வச்சினுகீற? இப்டி வேர்க்குது" என்றார். பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். சீனியர் மேடம் ஆபீஸ் படியேறி உன் மேசையில் அந்தப் பையை வைத்தபோது நீ ஓடிவந்து என்னைக் கட்டிக்கொள்வாய் என்று நான் நினைத்திருந்தேன். நீ பையைத் திறந்து பார்த்தாய். உன் முகம் மலர்ந்து, உடனே சுருங்கிவிட்டது. "அப்பா, இனிமே இந்தக் கேஸ்ல நான் இருக்க முடியாது" என்றாய்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. உன் சீனியர்தான் என்னை உட்காரவைத்துச் சொன்னார். "நீங்க இப்போ முக்கியமான சாட்சி ஐயா. சாட்சியோட பொண்ணே வக்கீலா நின்னா, பொண்ணுக்காக அப்பா பொய் சொல்றாருன்னு எதிர்த்தரப்பு சொல்லும். எஸ்தர் தள்ளி நின்னாதான் உங்க வார்த்தைக்கு மதிப்பு." மூன்று வாரமாக நீ எழுதி எழுதி அடித்துத் திருத்தி வைத்திருந்த மனுவை, உன்கூட அதே பெல்லோஷிப்பில் சேர்ந்த அந்தப் பையன் நிஜாமிடம் எடுத்துக் கொடுத்தாய். கொடுக்கும்போது உன் கை கொஞ்சம் தயங்கியதை நான் பார்த்தேன். உன் முதல் பெரிய வழக்கு அது. நான் கொண்டுவந்த பெட்டிதான் அதை உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாய். ராயபுரம் வந்த பிறகு, "நீங்க கொண்டு வந்ததுக்கு நான் சந்தோஷப்படலன்னு நினைக்காதீங்கப்பா. கொஞ்ச நேரம் என்ன விட்டுருங்க" என்றாய். விட்டுவிட்டேன். அன்றைக்கு நீ என் மகள் என்பதைவிட வளர்ந்த ஆள் என்பதுதான் எனக்கு அதிகம் தெரிந்தது.

அந்தப் பதிவு என் கேமராவில் பதிந்ததுதான், எதையும் வெட்டவில்லை, ஒட்டவில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கோர்ட்டில் நீ கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய், பையை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி. நிஜாம் எழுந்து பேசும்போது உன் உதடும் கூடவே அசைந்தது. அரசுத் தரப்பு வக்கீல், மனுதாரரின் முன்னாள் வக்கீல் இந்தக் கடைக்காரரின் மகள் என்று சொன்னார். நீதிபதி நிமிர்ந்து பார்த்து, "கேமராவுக்கும் மகள் இருக்கிறாளா?" என்று கேட்டார். தேசிங்குக்கு ஜாமீன் கிடைத்தது. மத்தியானம் ஸ்டேஷனுக்குள் போனவன் சாயங்காலம் எப்படிக் கல்லெறிந்தான் என்று போலீஸ் விளக்கம் கொடுக்க வேண்டும் என்றும் உத்தரவானது. குண்டர் சட்டப் பேச்சு அதோடு அடங்கிப்போனது. வழக்கு இன்னும் முடியவில்லை, எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது.

வெளியே வந்த சில நாளில் தேசிங்கு கடைக்கு வந்தான். நான் எழுந்து நின்று நாற்காலி போட்டேன். உட்காரவில்லை. "ரொம்ப தாங்க்ஸ் அண்ணாச்சி" என்று ஆரம்பித்து, பிறகு என் முகத்தைப் பார்த்து, "ஆனா ஒண்ணு கேக்கறேன், தப்பா எட்துக்காத. பொட்டி உன்கிட்டதானே இருந்துச்சு? மொதல் நாளே குட்த்திருந்தா நான் அம்மாந்நாளு உள்ள கெடந்திருப்பேனா?" என்றான். அவன் ஓட்டிய லாரியை அதற்குள் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். நான் பயந்துவிட்டேன் என்று சொன்னேன். அவன் தலையாட்டிவிட்டு, "எனுக்கும்தான் பயம்" என்று சொல்லிப் போய்விட்டான். கோபமாகச் சொன்னானா, ஆறுதலாகச் சொன்னானா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கோமளா இப்போதும் நம் கடைக்குத்தான் வருகிறாள். நல்ல வவ்வால் மீன் வந்தால் உன் அம்மாவுக்கென்று ஒதுக்கி வைக்கிறாள். தேசிங்கு மட்டும் தெருவில் பார்த்தால் கையைத் தூக்கிவிட்டு நிற்காமல் போகிறான்.

கடைக்கு என்ன ஆயிற்று என்று நீ போனில் கேட்கும்போதெல்லாம் நான் ஒன்றுமில்லை என்கிறேன். கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது. ஸ்டேஷன் கேன்டீன் சரக்கு நின்றுவிட்டது. நமக்கு லோடு இறக்க வரும் வண்டிகளை மட்டும் நிறுத்திக் கேள்வி கேட்கிறார்கள். சங்கத்தில் இரண்டு பேர் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஒருவர் ரகசியமாக வந்து, ரெக்கார்டரில் எப்படிப் பழைய பதிவை எடுத்து வைப்பது என்று கேட்டுவிட்டுப் போனார். நீ இதற்காக வருத்தப்படாதே. நான் வருத்தப்படுவது வேறொன்றுக்கு. இப்போது நீ போயிருக்கும் மாவட்டம் எனக்குத் தெரியாத ஊர், தெரியாத பாஷை. அங்கே ஸ்டேஷனுக்கு எதிரே உன் அப்பா கடை இருக்காது. ரயில் ஏறும்போது சொல்ல நினைத்ததையெல்லாம் இங்கே எழுதுகிறேன்.

கோபம் வந்தால் உடனே பேசாதே. பேசினால், உன் பக்கத்தில் நிற்கிற அம்மாவுக்குப் புரிகிற பாஷையில் பேசு. அந்த ஊர் பாஷையை முதல் மாதமே படித்துவிடு, தப்புத் தப்பாகப் பேசினாலும் பரவாயில்லை. நான் இங்கே வந்தபோது என் பேச்சைக் கேட்டு எத்தனை பேர் சிரித்தார்கள், அதிலேயே எனக்குச் சிநேகிதர்கள் கிடைத்தார்கள். நேரத்துக்குச் சாப்பிடு. சாட்சி சொல்லப் பயப்படுகிறவனைக் கேவலமாகப் பார்க்காதே. என்னை நீ அப்படிப் பார்க்கவில்லை, அதை நான் மறக்கவில்லை. ஆனால் எனக்குக் கொடுத்த அவ்வளவு நேரத்தை மற்றவர்களுக்குக் கொடுக்காதே. இரண்டாம் நாளும் போய் நில், மூன்றாம் நாளும் போய் நில். நீ வந்து நிற்க மாட்டாயா என்றுதான் நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் வழக்கு உன் கையை விட்டுப் போகும் நாள் இன்னும் வரும். அன்றைக்கு நிஜாமுக்குக் கொடுத்த மாதிரி முழுசாகக் கொடுத்துவிடு, பாதியை மறைத்து வைக்காதே. அதை நீ செய்தபோது எனக்கு உன்மேல் வந்த மரியாதையை நான் உன்னிடம் சொல்லவே இல்லை.

இதுவரை எழுதிவிட்டு முடித்துவிடலாம் என்று இருந்தேன். இன்று காலை ஒரு பெண் வந்தாள். புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் இருக்கிறவளாம், பேர் சுமதி. அவள் புருஷனை நேற்று இந்தப் பக்கம் வேலைக்கு வந்த இடத்தில் கூட்டிக்கொண்டு போய்விட்டார்களாம். "இங்க ஒரு லேடி வக்கீல் கீறாங்கன்னு சொன்னாங்கோ" என்றாள். நீ ஊரில் இல்லை என்றேன். உனக்குப் போன் போட்டேன், சிக்னல் இல்லை. உன் சீனியர் கோர்ட்டில் இருந்தார், நிஜாமும் தன் இரண்டாம் வருஷத்துக்கு மதுரைப் பக்கம் போய்விட்டான். அவள் தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். குடித்துவிட்டு, "சரி அண்ணா, நான் போய் வெளிய நிக்கிறேன்" என்று சொம்பைத் திருப்பிக் கொடுத்தாள்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு அவளோடு போனேன். எனக்கே தெரியாது ஏன் போனேன் என்று. உள்ளே கேஸ் எழுதுகிற ரைட்டர், "என்ன அண்ணாச்சி, உங்களுக்கு இங்க என்ன வேலை?" என்றார். "இவங்க வீட்டுக்காரரை எப்போ, எதுக்காகப் பிடிச்சீங்கன்னு எழுதி இவங்க கையில ஒரு காப்பி குடுக்கணும்லா சார்" என்றேன். நீ சாப்பிடும்போதெல்லாம் உன் அம்மாவிடம் பேசுவதைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பாடமாகியிருந்தது அந்த ஒரு வரிதான். அடுத்த வரி தெரியாது. அவர் ஒரு கேள்வி திருப்பிக் கேட்டிருந்தால் நான் மாட்டியிருப்பேன். எங்களைப் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். வெகுநேரம் உட்கார்ந்தோம். கடைசியில் அவள் புருஷனைக் கண்ணில் காட்டினார்கள், தாளும் எழுதிக் கொடுத்தார்கள். என்ன பிரிவு போட்டிருக்கிறது என்று சுமதி என்னிடம் கேட்டாள். நான் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எனக்கு என்ன தெரியும், நான் மளிகைக் கடைக்காரன். அதைப் போட்டோ எடுத்து உன் சீனியருக்கு அனுப்பியிருக்கிறேன். சாயங்காலம் பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். சுமதி இப்போது நம் கடையில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

அதனால் எஸ்தர், உன் பெல்லோஷிப்காரர்களிடம் எனக்காக ஒன்று கேள். இந்த வருஷம் புதிதாக எடுக்கும் பிள்ளைகளில் ஒருவரை இந்தப் பக்கத்துக்குப் போடச் சொல். உன் இடம் காலியாக இருக்கிறது என்று சொல். தங்குவதற்கு இடம் தேட வேண்டாம், காலடிப்பேட்டையில் நம் வீட்டில் உன் அறை இருக்கிறது. பையன் வந்தால் அங்கே ஒரு கட்டில், பெண் வந்தால் உன் மேசை, உன் கண்ணாடி எல்லாம் அப்படியே இருக்கிறது. உன் அம்மாவிடம் கேட்டுவிட்டேன். அவள் துடைப்பதை நிறுத்திவிட்டு, "வரவங்க மீன் சாப்பிடுவாங்களான்னு கேட்டுச் சொல்லச் சொல்லுங்க" என்றாள். சாப்பிட்டாலும் சரி, சாப்பிடாவிட்டாலும் சரி, யாராவது ஒருவர் சீக்கிரம் வரட்டும்.

அப்பா